கறுப்புத் துணி

அடையாறு வீட்டில் தெருவைப் பார்த்த மேற்கு ஜன்னலுக்கு வெயில் தடுக்கும் வலை போட அளவெடுக்க வந்தவர், மாதிரிக்குக் கறுப்பு வலைத் துண்டு ஒன்றைச் சட்டத்தில் வைத்துக் காட்டினார். கூடம் மங்கியது.

"உள்ள இருந்து ரோடு தெரியும்க்கா. வெளிய நிக்கறவங்களுக்கு உள்ள இன்னா கீதுன்னே தெரியாது."

பல வருஷங்களுக்கு முன், எனக்குப் பத்து வயது. மேற்கு மாம்பலத்தில் இருந்தோம். அப்பா அடித்ததில் அண்ணன் வீட்டைவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து அம்மா தெரு ஜன்னலை விட்டு நகரவில்லை; கொடுத்த காபி கையிலேயே ஆறிப்போகும். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த அப்பா, கறுப்புத் துணி வாங்கிவந்து ஜன்னலை மூடி ஆணியடித்தார்.

"வெயில் தாங்கல" என்று மட்டும் சொன்னார்.

அம்மா அந்தத் துணிக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள். சூடேறிய துணியின் சாய வாசனை சோற்றில்கூட அடித்தது.

ஒருநாள் சாயங்காலம் எதிர்வீட்டு சரோஜாக்கா வந்தார்.

"மத்தியானம் உங்க பையன் எங்க வாசல்ல நின்னு உங்க ஜன்னலையே பாத்துனு இருந்தானாம்க்கா. எங்க பாப்பாகிட்ட, 'அவங்க காலி பண்ணிட்டாங்களா'ன்னு கேட்டிருக்கான். நான் வெளிய வர்றதுக்குள்ள போயிட்டான்."

அந்த மத்தியானம் முழுக்க அம்மா துணிக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். இதைக் கேட்டதும் எழுந்து போய் அதைக் கிழித்தாள். அப்பா தடுக்கவில்லை. அண்ணன் பிறகு வரவேயில்லை.

"மத்த ஜன்னலுக்கெல்லாம் போடுங்க. இதுக்கு வேணாம்" என்றேன்.

அளவெடுத்தவர் டேப்பைச் சுருட்டாமலே பார்த்தார். "இதுலதானேக்கா வெயிலே வருது?"

"வரட்டும்" என்றேன்.