ஊருணிக் கரையில் நிற்கும் பலகை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. வெயிலையும் பஸ் நெரிசலையும் பார்க்காமல் வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் ஊராருக்கும் அக்காவின் தம்பியாகிய என் வணக்கம்.

நான் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவன். பத்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது. அக்கா மகன் வந்து, "நீங்கதான் எழுதணும் மாமா. அம்மாகூட ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சது நீங்கதான" என்றான். சரி என்றேன். உடனே, "ஆனா அந்த ஊருணி விஷயம் மட்டும் வேண்டாம் மாமா. பலகையையும் நினைவு நாளுக்குள்ள பிடுங்கிப் போட்டுரலாம்னு இருக்கேன். அம்மா பேரு அங்கன நிக்கதப் பாத்தா எனக்குத் தலை நிமிர முடியல" என்றான்.

அவன் சொல்வது எனக்கும் புரிகிறது. எனக்கும் அந்தப் பலகை பக்கம் போனால் உடம்பு கூசும். ஆனால் ஊருணியை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி என்ன எழுதுவது என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். அவன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

விளாத்திகுளம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் இந்த ஊரில்தான் அக்கா பிறந்தார். எங்கள் அப்பா ஆடு மேய்த்தவர். மழை பெய்தால் மானாவாரியில் பருத்தி, கம்பு. பெய்யாவிட்டால் ஆடுதான் சோறு. அக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தார். அம்மா படுத்த படுக்கையானதும் அக்காவின் படிப்பு நின்றுபோய், நான் அக்காவின் இடுப்பில் ஏறினேன். அம்மா முகம் எனக்கு நினைவில்லை. அக்கா கையால்தான் வளர்ந்தேன்.

மாமன் மகனையே அக்காவுக்குக் கட்டிவைத்தார்கள். அத்தானும் ஆட்டுக்காரர். தை முடிந்தால் மந்தையைப் பத்திக்கொண்டு வயல்களுக்கு உரமாகக் கிடை போடத் தாமிரபரணிப் பக்கம் போய்விடுவார். பல மாதம் கழித்துத்தான் வருவார். அந்த மாதங்களில் அக்கா தனியாகப் பிள்ளைகளையும் பார்த்து, மிளகாய்ச் செடிக்கும் களை வெட்டி, வீட்டில் தீப்பெட்டிக் கட்டையும் அடுக்கினார். ஒரு நாளும் அவர் அலுத்துக்கொண்டு நான் கேட்டதில்லை.

அக்காவுக்கு முத்து முத்தான கையெழுத்து. தொண்ணூறுகளில் ஊரில் மகளிர் குழு ஆரம்பித்தபோது அதற்காகவே தலைவி ஆக்கினார்கள். முதியோர் பென்ஷன், தெருவிளக்கு, பள்ளிக்கூடத்துக்கு ஓடு என்று எந்த மனுவாக இருந்தாலும் அக்கா வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். அக்கா மனு கொடுத்தால் கிடைக்கும் என்று ஒரு பேச்சு உண்டாகிவிட்டது. அக்காவுக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதை நான் மறைக்க வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில் ஊர் மக்கள் தங்கள் பங்கைக் கொடுத்தால் மீதியை அரசு கொடுத்து வேலை செய்து தரும் திட்டம் வந்தது. எங்கள் ஊரில் குடிக்க இருப்பது ஒரே ஊருணி. அது மண்மேடிட்டுக் கிடந்தது. அக்கா வீடு வீடாக ஏறிப் பங்கு கேட்டார். கொடுத்தவர்கள் எல்லாரும் அக்கா முகத்துக்காகக் கொடுத்தார்கள். நிதியும் வந்தது. "ஊருணி ஆழப்படுத்தும் பணி" என்று எழுதி, அதற்குக் கீழே குழுத் தலைவி என்று அக்கா பெயரைப் போட்டுக் கரையில் இரும்புப் பலகை நட்டார்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவர் பெயரைப் பெயிண்டில் பார்த்தது அன்றுதான் முதல்.

மண் அள்ளும் இயந்திரம் வந்தது. அள்ள அள்ளக் கருகருவென்று கரம்பை வண்டல். வெள்ளாமை பார்க்கும் சம்சாரிகளுக்குச் சொல்லவா வேண்டும்? ஊருணிக் கரம்பையை அடித்தால் பருத்தி எப்படி வரும் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். டிராக்டரும் மாட்டுவண்டியும் வரிசைகட்டி நின்றன. எஸ்டிமேட்டில் சொன்ன ஆழம் வந்ததும் டிரைவர் இயந்திரத்தை நிறுத்தினார். கரையில் நின்றவர்கள் விடவில்லை.

"என் வண்டிக்கு இன்னும் வரலியே தாயி. நடுவுல மட்டும் இன்னும் ரெண்டு கரண்டி போடச் சொல்லு."

"ஆழம் கூடினா தண்ணியும் கூடத்தான நிக்கும்? மிஷினு நாளைக்குக் கூப்பிட்டா வருமா?"

டிரைவர் அக்காவைப் பார்த்தார். "என்னக்கா, போடவா?"

"போடுங்க தம்பி" என்றார் அக்கா. பலகைக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சாயங்காலம் நடுப்பள்ளத்தில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புச் சுக்கான் கல் தட்டியது. அது நல்ல அடையாளம் இல்லை என்று அன்று யாருக்கும் உறைக்கவில்லை. எல்லாரும் வண்டியில் ஏறிய கரம்பையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐப்பசியில் நல்ல மழை. ஊருணி நிறைந்தது. அக்கா கரையில் கற்பூரம் ஏற்றினார். தை பிறப்பதற்குள் தண்ணீர் சரசரவென்று இறங்கியது. சுக்கான் வழியாகப் பூமி குடித்துவிட்டது. மிச்சம் நின்ற தண்ணீர் உவர்த்துப்போனது. தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருந்த கரம்பையை நாங்களே அள்ளி எங்கள் பருத்திக் காடுகளில் கொட்டியிருந்தோம். அதைத் திரும்ப அள்ள முடியாது.

அதன் பிறகு பெண்கள் பக்கத்து ஊருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அங்கே அவர்களை வரிசையில் கடைசியில் நிற்க வைத்தார்கள். "கவர்மெண்டு துட்ட வாங்கி ஊருணிக்கு ஓட்டை போட்ட ஊரு" என்று கேலி செய்தார்கள். கழுகுமலைப் பக்கத்திலிருந்து பேசி முடித்த ஒரு சம்பந்தம், "உப்புத் தண்ணி ஊருக்கு எம்பிள்ளையக் குடுக்க மாட்டேன்" என்று முறிந்தது. தீப்பெட்டி ஆபீஸில் என்னிடம், "ஏலே, ஒங்க அக்காதான தோண்டச் சொன்னது?" என்று கேட்பார்கள். நான் குனிந்து வேலையைப் பார்ப்பேன்.

ஒரு நாள் காலையில் பலகையில் அக்கா பெயர்மேல் யாரோ சாணியை அப்பியிருந்தார்கள். நான் துண்டை நனைத்துத் துடைக்கப் போனேன். குடத்தோடு வந்த அக்கா பார்த்துவிட்டார்.

"விடுலே தம்பி. அப்பினவ எம்புட்டுத் தூரம் நடந்து வந்து அப்பியிருக்காளோ" என்றார்.

அதற்குப் பிறகு அக்கா சிரித்து நான் பார்த்தது குறைவு. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி முடிந்தபின் போவார். எதிரே குடத்தோடு யாராவது வந்தால் ஓரமாக நின்றுகொள்வார். ஆனால் பேனாவைக் கீழே வைக்கவில்லை. ஊருணியைச் சரிசெய்ய மறுபடியும் நிதி கேட்டு மனு எழுதினார்.

மனுவில் ஒரு சிக்கல் இருந்தது. நிதி வாங்கி வேலை முடித்த ஊருணிக்கு ஏன் மறுபடியும் கேட்கிறீர்கள் என்பதற்குக் காரணம் எழுத வேண்டும். தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸுக்குப் போகும் பஸ்ஸில் எங்கள் பெரிய மாமாவும் கூட வந்தார். அவர் ஒரு யோசனை சொன்னார்.

"வெள்ளம் வந்து கரை ஒடஞ்சு போச்சின்னு எழுது. எவன் வந்து பாக்கப் போறான்? ஒனக்கும் மானம் மிஞ்சும்."

அக்கா மனுவை மடித்துப் பைக்குள் வைத்தார். "கரை ஒடஞ்சதுன்னு எழுதினா கரைக்குத்தான் நிதி வரும் மாமா. ஓட்டை அடியில இருக்கு. எம் மானத்த வச்சிக்கிட்டு ஊரு எதக் குடிக்கும்?" என்றார்.

அன்று குறை கேட்கும் நாள். மண்டபம் நிறையக் கூட்டம். அதிகாரி மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, அளவுக்கு மேல ஆழமாத் தோண்டினதா எழுதியிருக்கீங்களே. யார் தோண்டச் சொன்னது?"

"நான்தான்யா."

"நீங்க குழுத் தலைவி. உங்களை நம்பித்தானே கொடுத்தது?"

"ஆமாய்யா. நான்தான் சொன்னேன். டிரைவர் நிறுத்தத்தான் செஞ்சாரு."

பின்னால் வரிசையில் நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். அக்கா கைகட்டி நின்றார். நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்த இடத்திலிருந்து மறைந்துபோனால் போதும் என்றிருந்தது. "பார்ப்போம்" என்று சொல்லி மனுவை வாங்கிக்கொண்டார்கள். நிதி உடனே வரவில்லை. திரும்பத் திரும்பப் போனோம். போன இடத்திலெல்லாம் முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். அக்காவும் ஒவ்வொரு தடவையும் "நான்தான்" என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டு வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். நான் டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன்.

கடைசியில் ஒரு பொறியாளர் ஊருக்கு வந்து பள்ளத்தில் இறங்கிப் பார்த்தார். கண்மாயிலிருந்து களிமண் கொண்டுவந்து அடியில் கனமாகப் பரப்பி, நனைத்து, நன்றாக மிதித்து இறுக்கினால் தண்ணீர் நிற்கும் என்றார். மண்ணுக்கும் லாரிக்கும் நிதி உண்டு. இந்த முறையும் மக்கள் பங்கு வேண்டும், அதை உழைப்பாகவும் கொடுக்கலாம் என்று சொன்னார்.

காளியம்மன் கோவில் முன்னால் ஊர் கூடியது. அக்கா எழுந்து கும்பிட்டபடி நின்றார். எங்கள் மதினி ஒருத்தி, வாய்க்குப் பேர்போனவர், உங்களுக்கெல்லாம் தெரியும், அவர்தான் ஆரம்பித்தார்.

"ஒரு வாட்டி பங்கு குடுத்து உப்புத் தண்ணி குடிக்கோம். இன்னொரு வாட்டி குடுத்தா என்னத்தக் குடிக்க, வெசமா?"

அக்கா கும்பிட்ட கையை எடுக்கவில்லை. அப்போது கிடையிலிருந்து வந்திருந்த அத்தான் எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"மண்ண மிதிக்கணும். அம்புட்டுதான? எங்கிட்ட மந்தை கெடக்கு. எறக்குதேன்."

கூட்டம் கொதித்துவிட்டது. எங்கள் ஊருணியில் மனிதர்களே செருப்பைக் கரையில் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். கால் கழுவக் கூடாது, துணி நனைக்கக் கூடாது. ஆடுமாடு எட்டிப் பார்த்தாலே அபராதம். "குடிக்கிற ஊருணிக்குள்ள ஆட்ட எறக்குவியளா? மூத்திரமும் புழுக்கையுமா?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

மதினி கையை உயர்த்தினார். "ஏன்யா கத்துதீங்க? மொதத் தண்ணிய எறைச்சுக் காட்டுக்கு விட்டாப் போச்சி. இவளாவது செஞ்சத செஞ்சேன்னு சொல்லுதா. கரம்பைய வண்டி வண்டியா ஏத்துனவிய யாராவது வாயத் தெறந்தீயளா? எம் புருசன் ஏத்துனது எத்தன வண்டின்னு எனக்குத் தெரியாதாக்கும்? எங்க மாட்டையும் பத்திக்கிட்டு வாரேன்."

அவர் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மட்டுமில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள்.

அத்தானின் மந்தை முதலில் இறங்கியது. பிறகு மற்ற ஆட்டுக்காரர்களின் மந்தைகள், வீட்டு மாடுகள், எருமைகள். லாரி களிமண் கொட்டக் கொட்ட, தண்ணீர் தெளித்து, வட்டமாக ஓட்டி மிதிக்க விட்டார்கள். அக்கா கரையில் நிற்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடுகளோடு ஆடாகச் சேற்றில் மிதித்தார். சாயங்காலம் மந்தை ஏறிய பிறகு ஓலைக் கூடையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு புழுக்கையாகப் பொறுக்கினார். முதல் நாள் அக்கா மட்டும். அப்புறம் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

முதல் மழைத் தண்ணீரை இறைத்துக் காட்டுக்கு விட்டார்கள். அடுத்த மழைத் தண்ணீர் சித்திரை வெயில் வரைக்கும் நின்றது. முதல் குடத்தை அக்காவே எடுக்கட்டும் என்றது ஊர். அக்கா மறுத்துக் குடத்தை மதினியிடம் கொடுத்தார். மதினி ஒரு கை அள்ளிக் குடித்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம்.

"உப்பு இல்ல" என்றார். பிறகு உதட்டைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "ஒங்க அத்தான் மந்தை வாடைதான் லேசா அடிக்கி" என்றார். கரையே சிரித்தது. அக்கா மட்டும் அழுதார்.

புதுப் பலகை எழுத ஆள் வந்தபோது அக்கா ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். "புதுசுல எம் பேரு வேண்டாம். ஆனா பழசப் பிடுங்காதீங்க. ஆழப்படுத்தினேன்னு இருக்கட்டும்." புதுப் பலகையில் யார் பெயரும் இல்லை. பழையது அங்கேயே நின்றது. பிற்பாடு பக்கத்து ஊர்க்காரர்கள் நிதி கேட்க மனு எழுதி வாங்க வந்தால், அக்கா முதலில் பேனாவை எடுக்க மாட்டார். அவர்களை ஊருணிக் கரைக்குக் கூட்டிப்போய்ப் பலகையைக் காட்டி, நடந்ததைச் சொல்லி, "மொதல்ல ஒரு சின்னக் குழி போட்டு அடிமண்ணு என்னன்னு பாத்துட்டு வாங்க. அப்புறம் எழுதுவோம்" என்பார். எனக்கு ஒவ்வொரு தடவையும் கூச்சமாக இருக்கும். அக்காவுக்கும் இருந்தது. காது மடல் சிவந்துபோகும். இருந்தாலும் சொல்வார்.

போன வருடம் நுரையீரலில் நோய் கண்டு, கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்து, வீட்டுக்கு வந்து அமைதியாக அடங்கினார். இப்போது தெருவில் குழாய் வந்துவிட்டது. உடலைக் குளிப்பாட்டும் நீர்மாலைத் தண்ணீரைக் குழாயில் பிடிக்கலாம் என்று பிள்ளைகள் கிளம்பியபோது, வாசலில் உட்கார்ந்திருந்த மதினிதான், "ஏலே, ஊருணிக்குப் போங்கலே. அவ மிதிச்ச ஊருணி" என்றார்.

அக்காவின் வைத்தியத்துக்கு உதவியவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் துணையிருந்தவர்களுக்கும், நீர்மாலை எடுத்தவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று ஊருணிக்குள் மந்தையை இறக்கிய ஆட்டுக்காரர்களுக்கும், திட்டிவிட்டு மாட்டைப் பத்திக்கொண்டு வந்த மதினிக்கும் அக்கா சார்பில் தனியாக ஒரு கும்பிடு.

இதுவரை எழுதி முடித்து, அச்சுக்குப் போகும் முன் அக்கா மகனிடம் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்துத் தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் அவன் ஊருணிப் பக்கம் போவதைப் பார்த்தேன். பலகையைப் பிடுங்கத்தான் போகிறான் என்று நினைத்து, தடுக்கவும் வாய் வராமல் நின்றேன். சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது பலகை அதே இடத்தில் நின்றது. துரு சுரண்டி, பழைய எழுத்துகளின் மேலேயே கறுப்புப் பெயிண்டில் திரும்ப எழுதியிருந்தான். "ஊருணி ஆழப்படுத்தும் பணி." கீழே அவன் அம்மா பெயர்.

அவன் செருப்பு கரையில் கிடந்தது. கீழே இறங்கிக் கையில் அப்பியிருந்த பெயிண்டோடு, தண்ணீரைத் தொடாமல், படியில் உட்கார்ந்திருந்தான்.