முப்பதடி தள்ளி ஒரு குசினி

குடியேற்றத் திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஓட்டு வீடு. அதன் சுவரோடு ஒட்டித் தென்னோலைக் கிடுகால் ஒரு குசினி இறக்கினோம். ஏணையில் கிடக்கும் பிள்ளை அழுதால் அடுப்படியில் எனக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான். பிறகுதான் காணிப் பெர்மிட்டை முழுதாக வாசித்தேன். நெருப்புப் பயத்தால், கிடுகுக் கூரை ஓட்டு வீட்டிலிருந்து முப்பதடி தள்ளி இருக்கவேண்டுமாம். காணியைப் பறித்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

ஒரு காலை, குடியேற்றக் காணிகளை மேற்பார்க்கும் கொலனி ஓவசியர் வந்தார். அவர் வாய் திறக்குமுன், "ஐயா, குசினியைச் சட்டத்துக்கு மாறா ஒட்டிப் போட்டிட்டம்," என்றேன்.

"நான் தென்னம்பிள்ளை பாக்க வந்தனான், தங்கச்சி. நீங்கள் சொன்னாப் பிறகு காணாத மாதிரிப் போகேலாது. மாரிக்கு முதல் தள்ளிப் போடுங்கோ. காணிக்கு ஒண்டும் வராது."

"படிச்ச பொம்பிளையைக் கட்டினா இப்பிடித்தான்," என்று சிரித்தபடி கணவர் கிடுகுகளைக் கழற்றினார்.

மாரி தொடங்கியதும், மழை இரைச்சலில் பிள்ளையின் அழுகை புதுக் குசினிக்குக் கேட்கவில்லை. இரண்டு நாள் நனைந்து நனைந்து ஓடிப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஏணையைக் கொண்டுபோய்க் குசினிக் கூரை வளையில் கட்டினேன். வீட்டை நெருப்பிலிருந்து காப்பாற்றிவிட்டுப் பிள்ளையை அந்த நெருப்பின் பக்கத்தில் கட்டியிருக்கிறேனே என்று, கிடுகை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தபடிதான் அன்று சோறு வடித்தேன்.