ஐந்து மணி அறிவிப்பும் பத்து மணிப் பூவும்

பேச்சுப் போட்டி மேடையில் நான் தோற்றதே இல்லை என்றால் அது பொய். அரிதாகத்தான் தோற்றிருக்கிறேன் என்பது மெய். ஆனால் சென்ற கோடையில் நான் நாள் எண்ணிக் காத்திருந்த வெற்றி எந்த மேடையிலும் இல்லை. அம்பத்தூரில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடியில், நீளவாக்கில் வெட்டிய மூன்று தண்ணீர் கேன்களுக்குள் அது இருந்தது.

எங்கள் அடுக்ககத்தில் முதன்முறையாக, அதே மாடியில், கோடை மலர்க் காட்சி. அவரவர் வளர்த்த செடியை அவரவர் வைக்கலாம். நான் ஒடித்து நட்ட பத்து மணிப் பூச்செடிகள் கேன் கொள்ளாமல் வழிந்தன. கல்லூரிக்குக் கிளம்புமுன் மொட்டுகளை எண்ணுவேன். மின்ரயிலில் நின்றபடி அவற்றின் நிறங்களை ஊகிப்பேன்.

காட்சிக்கு மூன்று நாள் இருக்கையில் லிஃப்டில் அறிவிப்பு ஒட்டினார்கள்: நடுவர்கள் மாலை ஐந்து மணிக்கு வருவார்கள். பத்து மணிப் பூ காலை வெயிலில் விரிந்து, பிற்பகலில் மூடிக்கொள்வது. ஐந்து மணிக்கு என் கேன்களில் வெறும் தழைதான் மிஞ்சும்.

செடிகளுக்கு நீர் ஊற்ற அண்ணனூரிலிருந்து வரும் தோட்டக்கார அண்ணனிடம் முறையிட்டேன். அவர் குழாயை நிறுத்தவேயில்லை.

“இன்னாமா, பேசிப் பேசியே கப்பு வாங்கினு வர்ற. இந்தப் பூவாண்ட பேசி, அஞ்சு மணி வரிக்கும் முயிச்சிகினு இருன்னு சொல்லேன்.”

பூவிடம் பேச இயலாது. குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் இயலும். அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய், காலை நேரத்துக்காக வாதாடினேன். மலர்க் காட்சியின் நேரத்தை மலரே முடிவு செய்ய வேண்டும் என்று முடித்தபோது எனக்கே சிலிர்த்தது. மதுரைக்காரரான அவர் மடிக்கணினியை மூடாமலே கேட்டார்.

“நல்லாத்தேன் பேசுற. கத்திரி வெயில்ல பெரியவுங்க யாராச்சும் மயங்கி விழுந்தா நீ தூக்குவியா?”

படியேறி மாடிக்குப் போனேன். அங்கே கீரைப் பாத்திகளின் மேல் பச்சை வலை நிழல் பரப்பியிருந்தது. அதன் விளிம்புக்கு வெளியே என் கேன்கள். பார்ப்பவருக்கு நிழல், பூவுக்கு வெயில்! இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி மீண்டும் அவர் கதவைத் தட்டினேன். வலையைப் பாதி மாடிக்கு நீட்டினால் காலை பத்து மணிக்கே வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை முழுவதும் அந்த அண்ணனும் நானும் வலை கட்டினோம். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு அவர் அண்ணாந்து பார்த்தார்.

“மானம் மூடிகிச்சின்னா பூ தொறக்காது. அத்தோட பேசிட்டியா?”

மேகத்தை நான் நினைக்கவே இல்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே மாடியில் நின்றேன். வெயில் சுள்ளென்று ஏறியது. நாற்காலி சுமந்து வந்தவர்கள் சூரியனைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். நான் மட்டும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அதை வேண்டிக்கொண்டிருந்தேன். செயலாளர் நடுவர்களோடு படியேறும் ஓசை கேட்டபோது, நடுக் கேனில் மஞ்சள் மொட்டொன்று மெல்ல இதழ் பிரித்தது.