தரப் பரிசோதகர் வீட்டில் ஒரு கறுப்புக் கோட்

மொன்றியலுக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல. மலை, பெரிய தேவாலயம், பழைய துறைமுகம் எதையும் இந்தப் பதிவில் தேடாதீர்கள். போனது ஒரு கோட்டுக்காக. போன நவம்பரில் ஒரு வார இறுதி, வெள்ளி முதல் ஞாயிறு வரை. கோட்டோடு ஒரு கொமிக்ஸ், ஒரு கசெற், ஒரு திரைப்படம். நாலும் கறுப்பு. நாலும் ரொறன்ரோவில் கிடைக்காதவை.

இருட்டான, கோணலான, பாதியில் விட்டதுபோல இருக்கும் பொருட்கள் எனக்குப் பிடிக்கும். ஏன் என்று அடிக்கடி கேட்கிறார்கள். நான் மென்பொருள் சோதிப்பவன். பகல் முழுவதும் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மாலையில் சரியாக இருக்க மறுக்கும் ஒன்றைப் பார்க்க வேண்டும்போல இருக்கும். இதற்கு மேல் விளக்கம் என்னிடம் இல்லை.

வெள்ளி காலை ஏழரைக்கு ரொறன்ரோவிலிருந்து பஸ். 540 கிலோமீற்றர், ஆறு மணி நாற்பது நிமிடம், 57 டொலர். ரயில் இதைவிட வேகம், ஆனால் கடைசி வாரத்தில் பார்த்தால் விலை இரண்டு மடங்கு. கிங்ஸ்டனைத் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. வயல்கள் போயின, பிறகு மரங்கள் போயின, கடைசியில் வீதியோரக் கம்பங்கள் மட்டும் ஒவ்வொன்றாக வந்து கரைந்தன. பாட்டுக் கேட்கலாம் என்று காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டேன். பஸ்ஸின் இரைச்சலே போதுமாக இருந்தது.

இரண்டேகாலுக்கு இறங்கி, செம்மஞ்சள் தட மெட்ரோவில் லோரியே நிலையம், அங்கிருந்து பதினெட்டு நிமிட நடை. வார இறுதிப் பாஸ் வெள்ளி மாலை நாலு மணிக்குத்தான் தொடங்கும். அதற்கு முன் வருபவர்கள் ஒற்றை ரிக்கெற்றோடு சமாளியுங்கள்.

ரயில் பாதையை ஒட்டிய பழைய தையல் தொழிற்சாலைக் கட்டிடம் ஒன்றில், ஐந்தாம் மாடியில், எலீஸ் என்ற பெண் தனியாகக் கோட் தைக்கிறார். பத்து மாதமாக மின்னஞ்சலில் பேசி, அளவு அனுப்பி, இரண்டு தடவை திருத்தி, அவரிடமிருந்த துணியில் கடைசியாக வெட்டிய கோட் என்னுடையது. தடித்த கறுப்புக் கம்பளி. இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடப் பதினான்கு சென்ரிமீற்றர் நீளம். உள்ளே இருக்க வேண்டிய தையல் வெளியே. கீழ் விளிம்பு மடிக்காமல் வெட்டியபடி பிசிறாக நிற்கும். இடது கையின் முனையிலிருந்து ஏழு நூல்கள் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கும். 640 டொலர்.

போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன் நின்றேன். மணி நாலு இருபது, வெளியே வெளிச்சம் முடிந்துகொண்டிருந்தது. கீழே ஒரு சரக்கு ரயில் மிக மெதுவாகப் போனது. எத்தனை பெட்டி என்று எண்ணத் தொடங்கி இடையில் விட்டுவிட்டேன். கண்ணாடியில் நின்றவன் எனக்கு அறிமுகமில்லாதவன். அவனோடு கொஞ்ச நேரம் நிற்க விரும்பினேன். விளிம்பு, தையல், நூல் என்று எல்லாவற்றையும் கிட்டவைத்து இருபத்து மூன்று புகைப்படம் எடுத்தேன்.

எலீஸ் ஒரு நிபந்தனை சொன்னார். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு நான் கோட்டோடு வர வேண்டும். அந்த வருடத்தின் ஏழு கோட்டுகளையும் அன்று ஒன்றாகப் படம் பிடிக்கிறார். அதுவரை அதை நனைக்காதே, கசக்காதே என்றார்.

தங்கியது பார்க் எக்ஸ்டென்ஷனில், பெரியம்மாவின் மூத்த மகன் குகன் அண்ணை வீட்டில். 80ஆம் இலக்க பஸ்ஸில் பதினைந்து நிமிடம். இரண்டாம் மாடி, வெளிப்படிக்கட்டு, படியில் உப்புத் தூவியிருந்தது. அண்ணைக்கு நாற்பத்தாறு வயது. பார்க்கா எனப்படும் குளிர்கோட் தைக்கும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். லைனில் வரும் ஒவ்வொரு கோட்டையும் புரட்டிப் பார்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டி, தையல் விட்டதைத் திருப்பி அனுப்புவது பதினான்கு வருடமாக அவருடைய வேலை. இதைப் பஸ்ஸில் இருக்கும்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

புட்டும் முட்டைக் குழம்பும் சாப்பிட்ட பிறகு அண்ணை கையைக் கழுவித் துடைத்துவிட்டு கோட்டை எடுத்தார். உள்ளே திருப்பினார், வெளியே திருப்பினார், விளிம்பை விரலால் நீவினார். முகம் மாறியது.

“தம்பி, இது ரிஜெக்ட் பீஸ் எல்லோ. எவ்வளவு குடுத்தனி?”

பொய் சொல்ல எனக்கு வராது. சொன்னேன். அவருடைய மனைவி, என் மச்சாள், குழம்புச் சட்டியோடு நின்ற இடத்திலேயே நின்றார். ஏன் இப்படி விட்டிருக்கிறார்கள் என்று அண்ணை கேட்டார். உண்மையாகத்தான் கேட்டார், நக்கலாக இல்லை. எனக்குத் தூக்கம். “அது டிசைன் அண்ணை. உங்களுக்கு விளங்காது, விடுங்கோ,” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன்.

சனி காலை ஈரப்பனி கொட்டியது. கோட்டைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு என் பழைய ஜக்கெற்றில் கிளம்பினேன். ஜான்-டலோன் சந்தை வரை நடை, இருபத்தைந்து நிமிடம். அங்கே கோப்பி மூன்றேகால் டொலர், ஒரு அப்பிள் இனாம், கடைக்காரருக்கு என் பிரெஞ்சைக் கேட்டுப் பரிதாபம். சந்தையிலிருந்து தெற்கே இன்னொரு இருபது நிமிடத்தில் கொமிக்ஸ் கடை. கடை என்றால் ஒரு நிலவறை. சொந்தமாக வரைந்து சொந்தமாக அச்சடித்தவற்றை மட்டும் வைத்திருக்கிறார்கள். நான் எடுத்தது அறுபத்து நாலு பக்கம், ஒரு எழுத்தும் இல்லை. ஒரு பெண் தன் வீட்டின் அறைகளில் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்துக்கொண்டு போகிறாள். அணைத்த அறைக்குள் மை தண்ணீர்போல ஏறுகிறது. கடைசிப் பத்துப் பக்கமும் கிட்டத்தட்டக் கறுப்பு, ஆனால் சாய்த்துப் பிடித்தால் உள்ளே அவள் இருக்கிறாள். 18 டொலர். அதே கடையில் கசெற்றும் விற்றார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு நீண்ட ஒலி, இருபத்தொரு நிமிடம், பழைய ஓர்கன் ஒன்றின் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்ததுபோல. 9 டொலர்.

திரைப்படம் மூன்று மணிக்கு, ஒரு சின்னத் திரையரங்கில். முப்பத்தொரு இருக்கை, மடக்குக் கதிரைகள், 12 டொலர். உறைந்த ஆறு வசந்தத்தில் உடைவதை ஒருவர் பிலிம் சுருளில் எடுத்திருக்கிறார். ஆட்கள் இல்லை, பேச்சு இல்லை, அறுபத்தெட்டு நிமிடம். பின்னால் புரொஜெக்ரர் மழைபோலச் சத்தம் போட்டது. பனிக்கட்டி ஒன்று சுற்றிச் சுற்றித் திரும்பி இருட்டுக்குள் போனது. இடையில் பத்து நிமிடம் நித்திரையாகிவிட்டேன். விழித்தபோது அதே பனிக்கட்டியா வேறா என்று தெரியவில்லை. அது குறையாகவும் படவில்லை. வெளியே வந்தபோது வீதிவிளக்குகள் பனிக்குள் மிதந்தன. நானும் கொஞ்சம் மிதந்துகொண்டுதான் ஆறு மணிக்கு வீட்டுப் படியேறினேன்.

கோட் சாப்பாட்டு மேசையில் இருந்தது. அயர்ன் பண்ணி மடித்து.

விளிம்பு முழுவதும் உள்ளே மடித்துத் தைத்திருந்தது. பதினான்கு சென்ரிமீற்றரும் உள்ளே ஏறி, இரண்டு பக்கமும் ஒரே நீளம். வெளியே நின்ற தையல்கள் படுக்கவைக்கப்பட்டிருந்தன. இடது கையில் ஒரு நூலும் இல்லை. வேலை அபாரம், ஒரு தையல்கூடக் கண்ணில் படவில்லை. வங்கிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவன் போடும் கோட்.

குகன் அண்ணை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், சந்தோஷமாக.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. “பார்க்கா தைக்கிறவைக்கு இது எப்பிடி விளங்கும்? ஆர் உங்களைக் கேட்டது?” என்று மெதுவாகச் சொன்னேன். நாளை பதினொரு மணிக்குப் படம் எடுக்கிறார்கள் என்பதையும், எல்லாம் நாசம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். மச்சாள்தான் சொன்னார்: “விடிய ஆறு மணிக்கு எழும்பி இருந்தவர். கிழமையில ரெண்டு நாள்தான் தம்பி அவருக்கு லீவு, அதில ஒண்டு இது. பிள்ளையை ஏமாத்திப்போட்டாங்கள், அதைப் போட்டுக்கொண்டு நாலு சனத்துக்கு முன்னால போகப்போறான் எண்டு புலம்பிப் புலம்பித் தைச்சவர்.”

அண்ணை கண்ணாடியைத் திரும்பப் போட்டார்.

“முந்தி எப்பிடி இருந்தது எண்டு படம் வைச்சிருக்கிறியே?”

இருபத்து மூன்று புகைப்படத்தையும் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். நூல்களை எண்ணினார். “சரி, இதுதான் சாம்பிள். இதை நேற்றே காட்டியிருக்கலாம். சாம்பிள் காட்டாமல் லைனில விட்டால் இதுதான் நடக்கும்.”

வேலையிடத்தில் மாதம் இரண்டு தடவை நான் மற்றவர்களுக்குச் சொல்வது இதே வசனம். ஜக்கெற்றைக் கழற்றினேன்.

நல்ல காலம், அவர் துணியை வெட்டவில்லை. கேட்காமல் துணியில் கத்தரி வைப்பது பெரும்பிழை என்று அவரே சொன்னார். வெட்டியது பிசிறையும் ஏழு நூலையும் மட்டும். அவர் தையல் பிரிக்கும் சிறு கத்தியோடு இருந்தார், நான் பிரித்த நூலைப் பொறுக்கினேன். பிசிறுக்கு, விளிம்பிலிருந்து குறுக்கிழைகளை ஊசியால் ஒவ்வொன்றாக உருவ வேண்டும். ஏழு நூலுக்குக் கறுப்பு நூல் வாங்கினால் பொருந்தாது என்று, கோட்டின் உள்மடிப்பில் மிச்சமிருந்த துணியிலிருந்தே ஏழு இழை உருவினார். எங்கே, எத்தனை, எவ்வளவு நீளம் என்று நான் படத்தைப் பார்த்துச் சொல்ல, அவர் உள்ளே முடிச்சுப் போட்டு வெளியே விட்டார்.

மச்சாள் சாமிப் பாட்டுக் கேட்கும் கசெற் பெட்டியில் நான் வாங்கியதைப் போட்டேன். ஒரே ஒலி. “கீற்றர் பழுதாப்போச்சோ?” என்று சுவரோர வெப்பமூட்டியைப் பார்த்தார் மச்சாள். அண்ணை தலை நிமிராமல், பாட்டு எப்போது தொடங்கும் என்று கேட்டார். கொமிக்ஸைப் புரட்டிய மச்சாளுக்கு அதில் எழுத்தில்லாதது பிடித்துவிட்டது, பிரெஞ்சு படிக்கிற கரைச்சல் இல்லையாம். ஆனால் ஒரு பக்கம் முடிந்து ஒலி நின்றபோது வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. மூவரும் நிமிர்ந்தோம். மச்சாள் எழும்பிப்போய்க் கசெற்றைத் தானே மறுபக்கம் திருப்பிப் போட்டார். பிறகு சோபாவில் அப்படியே கண்ணயர்ந்தார். ஜன்னல் கண்ணாடியில் பனி தட்டித் தட்டி உருகியது. அண்ணையின் விரல்கள் கறுப்புத் துணிக்குள் போய் வந்துகொண்டிருந்தன. பிற்பகல் பார்த்த ஆறு இன்னும் முடியவில்லைபோல இருந்தது. ஒன்பதரைக்குக் கடைசி நூலை விட்டார்.

ஞாயிறு காலை அண்ணை காரில் கொண்டுபோய் விட்டார். கீழேயே நிற்கச் சொல்ல நினைத்தேன், அவர் ஏற்கெனவே காரைப் பூட்டிவிட்டார். எலீஸுக்கு இது தெரிய வேண்டாம் என்பதுதான் என் திட்டம். ஐந்தாம் மாடிக் கதவு திறந்ததும் அண்ணை வணக்கம் சொல்லி, கையை நீட்டி, சரளமான பிரெஞ்சில் நடந்தது முழுவதையும் சொல்லத் தொடங்கினார். தொழிற்சாலை அவருக்குப் பிரெஞ்சும் கொடுத்திருக்கிறது என்பது எனக்கு அந்தக் கணம்தான் தெரியும். நான் நடுவில் சுவர்போல நின்றேன்.

எலீஸ் கோட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். ஏழு நூலையும் தொட்டார். விளிம்பை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார், அண்ணை மறுமொழி சொன்னார், எலீஸ் சிரித்துவிட்டார்.

“என்னவாம்?” என்றேன்.

“பிசிறு நல்ல ஒழுங்கா வந்திட்டுதாம். எல்லா இழையும் ஒரே நீளம். கலைஞ்சிருக்க வேணுமாம்.” அண்ணைக்கு உண்மையிலேயே குழப்பம். “எவ்வளவு கலைக்கிறது, அளவைச் சொன்னால் செய்துதாறன் எண்டன். அளவு இல்லையாம். அளவில்லாமல் எப்பிடித் தம்பி பிழை விடுறது?”

எலீஸ் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார், இரண்டு நிமிடத்தில் விரலால் கலைத்துவிடவா என்று. வேண்டாம் என்றேன். மூன்று மணி நேரம் ஒவ்வொரு இழையாக வெளியே வந்ததைப் பார்த்தவன் நான். அதை இன்னொருவர் தொடுவது எனக்குப் பிடிக்கவில்லை. கோட் அப்படியே படத்தில் நின்றது.

அதற்கிடையில் அண்ணை மற்ற ஆறு கோட்டும் தொங்கிய கம்பியருகே போயிருந்தார். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். நாலாவதில் நின்றார். தொடாமல், அக்குளுக்குக் கீழே ஒரு இடத்தைக் காட்டி ஏதோ கேட்டார். எலீஸ் வந்து குனிந்து பார்த்து, ஒரு சொல் சொல்லி, கோட்டைக் கழற்றி மெஷினுக்குக் கொண்டுபோனார். அங்கே தையல் விட்டிருந்தது. வேண்டுமென்று விட்டதல்ல.

பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு சிவப்பு விளக்கில், வெள்ளியன்றும் சனியன்றும் நான் பேசியது பிழை என்று சொன்னேன். எனக்கு இப்படிச் சொல்லிப் பழக்கமில்லை, அதனால் மிகச் சத்தமாக வந்தது.

அண்ணை விளக்கைப் பார்த்தபடி, “பிழையோ, டிசைனோ?” என்றார்.

பிழை என்றேன். பச்சை விழுந்தது.

போகிறவர்களுக்கு: நவம்பரில் நாலரைக்கு இருட்டிவிடும், துணியின் கறுப்பைப் பகலில் பாருங்கள். நிலவறைக் கொமிக்ஸ் கடையில் காசு மட்டும்தான் வாங்குகிறார்கள். சின்னத் திரையரங்குகளில் முன்பதிவு இல்லை, அரை மணி முன்னதாக வரிசையில் நில்லுங்கள். இப்படியான உடை வாங்கிக்கொண்டு ஒருவர் வீட்டில் தங்கினால், எது எது வேண்டுமென்றே விடப்பட்டது என்று அவர்களுக்கு முதலிலேயே காட்டுங்கள். ஐந்து நிமிடம் போதும். நான் அதை மிச்சம் பிடித்தேன், அண்ணையின் ஒரு லீவு நாள் முழுவதும் போய்விட்டது.