கட்டு சரியில்லை

பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவுக்குக் கை பழகிப்போயிருந்தது. எந்தப் பொதி வந்தாலும் ரசீதில் ‘கட்டு சரியில்லை’ என்று எழுதிவிடுவார். எழுதிவிட்டால், வழியில் எது உடைந்தாலும் ரயில்வே தலையில் விழாது. இரும்புக் கம்பிக்கும் அதையே எழுதிய மகானுபாவர் அவர். முப்பது வருஷமாக இதே வேலை.

மனைவி காலமான பிறகு, அவளுடைய சட்டம் போட்ட கண்ணாடியை மகள் கேட்டாள். ஒரு பகல் ரயில் தூரத்தில் வாழ்க்கைப்பட்டவள் அவள். மனிதர் மூன்று நாள் லீவு போட்டு, வைக்கோலும் பழைய போர்வையும் சுற்றிப் பார்த்துப் பார்த்துக் கட்டினார். பிறகு தன் ஆபீசுக்கே கொண்டுவந்து, மற்றப் பொதிகளோடு அதற்கும் ரசீது போட்டார். கை சும்மா இருக்குமா? ‘கட்டு சரியில்லை.’

கண்ணாடி தூள்தூளாகப் போய்ச் சேர்ந்தது.

“நீங்களே எழுதியிருக்கீங்களேப்பா” என்று சொல்லிப் போனை வைத்தாள் மகள். அப்புறம் அவள் கூப்பிடவில்லை. இவருக்கும் கூப்பிட முகம் இல்லை.

அவர் ஒழுங்காகத்தான் கட்டினார் என்று மகளுக்கு யாராவது பெரிய மனிதர் சொல்ல வேண்டும். அதற்காகவே, தனக்குச் சோறு போடும் ரயில்வேயின் மீதே வழக்குப் போட்டார். ஆபீசில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. இரண்டு வருஷம் தனியாகவே டீ குடித்தார். வீட்டிலும் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை.

“இது யார் கையெழுத்து?” என்றார் நீதிபதி.

“என்னுதுதாங்க. எல்லாத்துக்கும் அப்படித்தாங்க எழுதுவேன்.”

பழைய ரசீதுகளை வரவழைத்துப் புரட்டிய நீதிபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொதியை ஏற்றிய போர்ட்டரும், “கல்லு மாதிரி கட்டியிருந்தாருங்க” என்று சாட்சி சொன்னார். எல்லாப் பொதிக்கும் எழுதும் குறிப்பு எதற்கும் ஆதாரமாகாது, கட்டு நன்றாகவே இருந்தது, உடைந்ததற்கு ரயில்வேதான் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. முப்பது வருஷ எழுத்து ஒரே வரியில் செல்லாக்காசாகிவிட்டது. அவமானம்தான். ஆனாலும் உடனே நகல் வாங்கி மகளுக்குத் தபாலில் அனுப்பினார்.

நாலாம் நாள் போன் வந்தது.

“படிச்சியாம்மா? நான் நல்லாத்தான் கட்டியிருக்கேன். கோர்ட்டே சொல்லிடுச்சு!”

“கட்டைப் பத்தி யாருப்பா கேட்டா?” என்றாள் மகள். “ரயில்ல உங்களுக்கு ஓசி பாஸ் இருக்கே. கண்ணாடியைக் கேட்டா நீங்களே எடுத்துக்கிட்டு வருவீங்கன்னுதான் கேட்டேன். அம்மா போனப்புறம் ஒரு தடவைகூட வரலையே நீங்க.”

அவள் ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றுதான் அவரும் இத்தனை நாள் காத்திருந்தார். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

“இந்தத் தீர்ப்பையும் தபால்லதானேப்பா அனுப்பினீங்க?”