இரண்டாவது பூஜ்யம்

நேற்று சாயங்காலம் அக்கா மகள் நந்தினி கணக்கு நோட்டை நீட்டினாள். பெங்களூரில் எங்கள் வீட்டில் தங்கித்தான் பியூசி, நம்மூர் ப்ளஸ் டூ, படிக்கிறாள். “மாமா, ரெண்டாவது டெரிவேட்டிவும் ஜீரோ வந்துடுச்சு. அப்ப இது இன்ஃப்ளெக்ஷன் பாயிண்ட்தானே?”

“அவசரப்படாதம்மா!” என்று நான் போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

விஷயம் இவ்வளவுதான். ஏறுகிற கோடு நின்று இறங்கத் தொடங்கினால் அது திருப்புமுனை. நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏறினால் வளைவு மட்டும் மாறியிருக்கிறது, அது இன்ஃப்ளெக்ஷன். இரண்டிலுமே அந்த இரண்டாவது பூஜ்யம் வரலாம். இரண்டு பக்கமும் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது. கணக்கில் எம்.எஸ்சி. முடித்த நான் ஒரு முறை திறந்தேன்.

பதினேழு வருஷம் முன்பு, இங்கே ஈஜிபுராவில் ஒரே அறையில் நானும் சிவாவும். ஒரே ஆபீஸ். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரன். பஸ் ரூட்டிலிருந்து ஹீட்டர் ரிப்பேர் வரை எல்லாவற்றுக்கும் “மச்சான், இது எப்படிடா?” என்பான். எனக்கும் அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

அவனுக்குப் பெண் பிறந்து ஒரு மாதம், இன்னும் பார்க்கவில்லை. சனிக்கிழமை பேர் வைக்கிறார்கள். ஆபீஸிலோ தீர்க்காத புகார்கள் தினமும் ஏறிக்கொண்டிருந்தன. “கிராஃப் திரும்பினா சிவா ஊருக்குப் போகட்டும்” என்று மேனேஜர் மஞ்சுநாத் தன் கன்னடத் தமிழில் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை கோடு ஏறாமல் தட்டையாகப் படுத்துவிட்டது. சிவா பையோடு வந்திருந்தான்.

“ஏனப்பா மேத்ஸ், திரும்பிச்சா இல்லையா? கரெக்டா ஹேளு, சொல்லு” என்று மஞ்சுநாத் என்னைக் கேட்டார்.

பெரிய மனிதர் கேட்கிறாரே! எழுந்து போய் போர்டில் கணக்குப் போட்டேன். ஏற்றம் பூஜ்யம். ஏற்றத்தின் மாற்றமும் பூஜ்யம். “திரும்பல சார். இது இன்ஃப்ளெக்ஷன். மறுபடி ஏறும்” என்றேன். சிவாவின் லீவு போயிற்று. கோட்டின் வலப்பக்கம் இன்னும் வரவே இல்லை என்பது என் மண்டையில் உறைக்கவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு சிவா ஆபீஸ் படிக்கட்டில் நின்று போனில் பேசினான். அங்கே குழந்தையின் காதில் போனை வைத்திருந்தார்கள். “கயல்விழி, கயல்விழி, கயல்விழி” என்றான். “அழறாளா? கேட்டுச்சா அவளுக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். உள்ளே திரையில் கோடு இறங்கியிருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“மன்னிச்சுடுடா” என்றேன்.

“பரவால்லடா. நீ கணக்குதானே சொன்ன.”

திட்டியிருக்கலாம் பாவி.

அந்த ஆபீஸ் மூடியாயிற்று. அங்கே இப்போது கல்யாண மண்டபம். சிவா குடும்பத்தை அழைத்துவந்து இதே ஊரில் ஹெப்பகோடியில் இருக்கிறான். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவான், நானும் அனுப்புவேன். கயல்விழியும் இந்த வருஷம் பியூசி என்று யாரோ சொன்னார்கள். அவளுக்கும் இந்தப் பாடம் வந்திருக்கும். அவன் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.