கதை விளையாட்டுகளை நம்பாத லோகா

தேக்கா சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. எங்கள் சனிக்கிழமை வீடியோ விளையாட்டுக் குழுவில், லோகேஸ்வரியின் கைப்பேசியிலிருந்து அவர் தம்பி எழுதியிருந்தார்: “அக்கா இன்று விடியற்காலை காலமாகிவிட்டார். மாரடைப்பு.” அதற்கு நேர் மேலே, முந்தைய நாள் லோகாவே அனுப்பிய செய்தி இருந்தது. புதிதாக வாங்கிய ஒரு புதிர் விளையாட்டைப் பற்றியது. “மூணாவது அறை சரியில்ல. கடிகாரத்தைத் திருப்பினா கதவு ஏன் திறக்கணும்? யாராவது காரணம் சொல்லுங்க.” யாரும் பதில் எழுதியிருக்கவில்லை. நான் வெண்டைக்காயைத் தட்டிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அவரை உங்களில் சிலர் நீதிமன்றத்தில் அறிவீர்கள். சிலர் விளையாட்டுக் குழுவில் அறிவீர்கள். இரண்டு இடத்திலும் அறிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். நாங்கள் இருவரும் நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்கள். தமிழில் சாட்சி சொல்பவர்களின் பேச்சை ஆங்கிலத்திலும், நீதிபதியின் பேச்சைத் தமிழிலும் சொல்வது எங்கள் வேலை. ஒரே ஆண்டில் சேர்ந்தோம். ஆனாலும் பல ஆண்டுகள் “சாப்பிட்டாச்சா?” என்பதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை.

ஒருநாள் வழக்கு தள்ளிப்போய், நடைவழி நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவர் மடியில் இருந்த டேப்லெட்டை வழக்குக் குறிப்பு என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு மரக்கதவும் நான்கு பொம்மைப் பறவைகளும் இருந்தன.

“மூணு நாளா இந்தக் கதவு முன்னாடியே நிக்கிறேன்” என்றார்.

“யூடியூப்ல பார்த்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும்லா.”

அவர் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். “பக்கத்து பெஞ்சுல எட்டிப் பார்த்து எழுதுற ஆளுன்னு உன்னை நான் நினைக்கலையே, சாந்தி.”

எனக்கு வந்த சிரிப்பில் உள்ளே இருந்த காவலர் வெளியே வந்து பார்த்தார். நானும் வீட்டில் இரகசியமாக விளையாடுகிறவள்தான் என்று அன்று ஒப்புக்கொண்டேன். ஐம்பதை நெருங்கும் இரண்டு பெண்கள், புடவையும் அடையாள அட்டையுமாக, பொம்மைப் பறவைகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம்.

லோகாவுக்குப் புதிர் விளையாட்டுகள்தான் பிடிக்கும். அவற்றைப் பற்றி அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. “தோத்ததுக்கப்புறம் ‘சே, கண்ணு முன்னாடியே இருந்துச்சே’ன்னு தோணணும். ‘இது எனக்கு எப்படித் தெரியும்?’னு தோணுச்சுன்னா குத்தம் விளையாட்டைச் செஞ்சவன் மேல.” பெட்டிகளைத் தள்ளும் விளையாட்டு, ஒளியைக் கண்ணாடியில் திருப்பும் விளையாட்டு, பேசாத தீவில் தனியாக நடக்கும் விளையாட்டு எல்லாவற்றையும் இந்த ஒரு தராசில்தான் நிறுத்தார். எம்ஆர்டி ரயிலில் ஒலியை அணைத்துவிட்டு விளையாடுவார். இசை குறிப்புக் கொடுத்துவிடும், அது நியாயமில்லை என்பார்.

கதை விளையாட்டுகளை அவர் நம்பவே இல்லை. நான் விளையாடியதோ அவற்றை மட்டும்தான். ஒரு பாத்திரத்தின் இடத்தில் நின்று, என்ன பதில் சொல்வது என்று நாமே தேர்ந்தெடுத்துக் கதையை நடத்திச் செல்கிற விளையாட்டுகள். லோகாவின் வாதம் எங்கள் வேலையிலிருந்து வந்தது. “கோர்ட்டுல ஒருத்தன் ‘ம்’னு சொன்னா, அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம்னு நாம எவ்வளவு தவிக்கிறோம்? இவன் மூணே மூணு பதிலைக் கொடுத்துட்டு, ‘உன் விருப்பம்’ங்கிறான். நான் சொல்ல நினைக்கிறது அந்த மூணுல இருக்கவே இருக்காது.” அதனால் அவர் பெரும்பாலும் எந்தப் பதிலையும் அழுத்தாமல், கதை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். சில விளையாட்டுகள் மௌனத்தையும் பதிலாக எடுத்துக்கொள்ளும். அவற்றுக்கு மட்டும் கொஞ்சம் மதிப்புக் கொடுத்தார்.

எங்கள் குழு சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு உணவகத்தின் மாடியில், சனிக்கிழமை பிற்பகல்களில் கூடும். ஐந்தாறு பேர், சுவரில் ஒரு தொலைக்காட்சி, கீழிருந்து வரும் பரோட்டா தட்டும் சத்தம். ஒருமுறை லோகா பழைய நாள்காட்டித் தாள் ஒன்றை மேசையில் விரித்தார். விளையாடி அழுதேன் என்று நான் சொல்லியிருந்த, எனக்கு மிகப் பிடித்த கதை விளையாட்டை மூன்று முறை முழுவதும் விளையாடி, அதன் கிளைகளைத் தாளின் பின்பக்கத்தில் வரைந்திருந்தார். எல்லாக் கோடுகளும் ஒரே வட்டத்தில் வந்து முடிந்தன.

“பாரு சாந்தி. நீ அழுத இடம் இதான். எந்தப் பக்கம் போனாலும் இங்கதான் வந்து நிப்ப. உன்கிட்ட யாரும் எதுவும் கேட்கவே இல்ல.”

அந்த விளையாட்டை என் அப்பா மருத்துவமனையில் இருந்த மாதங்களில் நான் விளையாடினேன் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். மூன்று வாரம் பேசவில்லை. நடைவழியில் எதிரே வந்தால் இருவரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் முருகேசன் குழுவுக்கு வந்தது அப்போதுதான். முப்பத்தைந்து வயதிருக்கும். புதிர்களில் கெட்டிக்காரர். ஆனால் கதை விளையாட்டு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராது. “நான் சொல்றேன், நீங்க விளையாடுங்க” என்று லோகா அவர் பக்கத்தில் நாற்காலி போட்டார். நான் அன்று அறையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தேன். கோபம் தீராவிட்டாலும் வராமலிருக்க முடியவில்லை.

நீதிமன்றத்தில் எப்படியோ அப்படியே செய்தார். கூட்டாமல், குறைக்காமல், யார் பேசினாலும் “நான்” என்றே, ஏற்ற இறக்கமில்லாத குரலில். கதை பனி பெய்யும் ஒரு துறைமுகத்தில் நடந்தது. அண்ணனும் தம்பியும் படகில் போகிறார்கள். புயலில் தம்பி காணாமல் போகிறான். பிறகு அம்மா தொலைபேசியில் அழைக்கிறாள்.

“தம்பி சாப்பிட்டானாப்பா?” என்றார் லோகா, அதே தட்டையான குரலில். பிறகு திரையில் வந்த மூன்று பதில்களையும் வரிசையாகச் சொன்னார். உண்மையைச் சொல்வது, “நல்லா இருக்கான்” என்பது, பேசாமல் இருப்பது.

முருகேசன் “நல்லா இருக்கான்” என்பதை அழுத்தினார். யோசிக்கவே இல்லை.

கதை மேலே போனது. லோகா மொழிபெயர்க்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் அவர் வேலையை நடுவே நிறுத்தி நான் பார்த்ததில்லை.

“ஏன் தம்பி?” என்றார். “ஏன் அதை அழுத்துனீங்க?”

முருகேசன் கையிலிருந்த கண்ட்ரோலரைக் கீழே வைத்தார். வலது கையின் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றிருந்ததை அப்போதுதான் நான் கவனித்தேன். “நானும் அதானே செய்யுறேன் அக்கா. ரெண்டு வருஷமா. வீடியோ கால்ல கையை மேல தூக்க மாட்டேன். ஊருக்கும் போகல. அம்மா கேட்டா லீவு கிடைக்கலன்னு சொல்லிடுவேன்.”

லோகா அறிவுரை சொல்லவில்லை. “தொடரலாமா?” என்று மட்டும் கேட்டார். “தொடரலாம்” என்றார் அவர்.

அன்று கதை முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை முருகேசன் சீக்கிரமே வந்து, “அம்மாவைக் கூப்பிடப் போறேன். பக்கத்துல இருக்கீங்களா?” என்று லோகாவைக் கேட்டார். மாடிப்படியில் உட்கார்ந்து அழைத்தார். நான் மேலே கதவருகே நின்றேன். அவர் கையைத் திரைக்கு முன் தூக்கினார். பிறகு அந்த அம்மாவின் குரல் கேட்டது. “அந்தக் கையில சோறு பிசைஞ்சு சாப்பிட முடியுதாடா?” முடிகிறது என்றார் மகன். “அப்புறம் ஏன்டா வரல?” என்று அழுகையும் திட்டுமாக ஆரம்பித்தாள். லோகா எழுந்து மேலே வந்து, என் அருகில் நின்றார்.

“நான் அந்த விளையாட்டை ஏற்கெனவே வரைஞ்சு பார்த்துட்டேன்” என்றார் மெதுவாக. “அவரு எதை அழுத்தியிருந்தாலும் அம்மாவுக்கு அடுத்த காட்சியில தெரிஞ்சிடும். கோடெல்லாம் ஒன்னாத்தான் சேருது.”

“சரி.”

“ஆனா அழுத்துன ஆளு எங்க போய்ச் சேருவான்னு என் தாள்ல இல்லையே, சாந்தி. அதை நான் பார்க்கவே இல்ல.” பிறகு, “நீ ஏன் அழுதேன்னும் நான் கேட்கல” என்றார்.

அப்போதுதான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். கீழே போய் ஆளுக்கொரு தேநீர் வாங்கி, ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அதற்காக அவர் கதை விளையாட்டின் ரசிகராகிவிட்டார் என்று எண்ண வேண்டாம். “பாதிதான் ஒத்துக்கிறேன்” என்பார். அவற்றில் முடிவை மறைத்து வைத்துவிட்டுக் கடைசியில் ‘எனக்கு முன்பே தெரியும்’ என்னும் துப்பறிவாளர்களை இறுதிவரை திட்டினார். ஆனால் கிளைகளை வரைவதை நிறுத்திவிட்டார். யாராவது ஒரு பதிலை அழுத்தினால் ஏன் என்று கேட்பார், சொல்லும்வரை காத்திருப்பார்.

இறுதிச் சடங்குக்கு முருகேசன் பாதி நாள் விடுப்பெடுத்து வந்தார். தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்ததாகவும், அம்மா தன் கையைப் பிடித்துக்கொண்டே கோயிலைச் சுற்றியதாகவும் லோகாவின் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தன் அக்கா விளையாடுவது நேரத்தைப் போக்கத்தான் என்று அந்தத் தம்பி நினைத்திருந்தாராம். நெடுநேரம் முருகேசனின் கையை அவர் விடவில்லை.

போன சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேர் கூடினோம். முருகேசன் புதிய கதை விளையாட்டு ஒன்றைத் தொடங்க, பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். எனக்கு லோகாவின் நிதானம் வராது. குரல் ஏறி இறங்குகிறது, வாக்கியத்தை முந்திக்கொண்டு ஓடுகிறேன். ஊரைவிட்டுப் போகும் பெண் ஒருத்தி வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பாள் என்று திரை கேட்டது. முருகேசன் நான் எதிர்பார்க்காத ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன்.

லோகாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வதை. அடுத்து, ஒரே ஒரு கேள்வியை.

“ஏன் முருகேசா?” என்று கேட்டேன். அவர் யோசிக்க ஆரம்பித்தார். நாங்கள் மற்ற நான்கு பேரும் காத்திருந்தோம்.